பந்தலூர் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறேன்: ஒரே ஊரில் ஏன் இத்தனை விதமான வீடுகள்?

கரூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவில் ஓர் அரசுப் பள்ளிக்கு எனக்கு மாறுதல் வந்திருக்கிறது, ஜூனில் சேர வேண்டும். மனைவி, மூன்று வயதுப் பையன், அம்மா என்று நாலு பேர் வருகிறோம். போன வாரம் வீடு பார்க்க வந்தேன், வந்ததிலிருந்து ஒரே குழப்பம்.

எங்கள் ஊரில் வீடு என்றால் மாடி வீடு, ஓட்டு வீடு, அரசு கட்டிக்கொடுத்த காலனி வீடு, அவ்வளவுதான். இங்கே தேவாலாவிலிருந்து சேரம்பாடி போகிற வழியில் மட்டும் என்னென்ன பார்த்தேன் தெரியுமா? தேயிலைக்கு நடுவில் ரயில் பெட்டி மாதிரி வரிசை வீடுகள். மேட்டில் பெரிய பங்களா. கேரளா பாணியில் கார் நிறுத்த இடம் வைத்துக் கட்டிய புது வீடு, அதற்கு நூறடி தள்ளி மூங்கிலும் மண்ணும் வைத்த குடிசை, குடிசையை ஒட்டியே அரசு வீடு, அதில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அப்புறம் தகர ஷீட் போட்ட, பூசாத சுவரோடு பாதியில் நிற்கிற வீடுகள், அவை ஏராளம்.

புரோக்கர் ஒருவர் இரண்டு அறை வீடு ஒன்றைக் காட்டினார். நல்ல வீடு, வாடகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. ஆனால் மீட்டர் பெட்டியே இல்லை. கேட்டால் "இது செக்சன் பதினேழு சார், சோலார் இருக்கு, சமாளிச்சுக்கலாம்" என்கிறார். செக்சன் 17 என்றால் என்ன? தமிழ்நாட்டில் இன்றைக்கும் கரண்ட் கொடுக்க முடியாத வீடு என்று ஒன்று இருக்கிறதா? இந்த வீடுகளில் எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாடுகாணிக்காரன்

வாங்க சார். வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அது நிற்கிற நிலம் எந்த வகை என்று கேளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எங்கள் ஊரில் ஒருவன் ஓட்டு வீட்டில் இருக்கிறானா, ஷீட் வீட்டில் இருக்கிறானா என்பதைக் கையில் இருக்கிற காசு மட்டும் முடிவு செய்வதில்லை. காசு இருந்தும் பத்து வருடமாக சுவர் பூசாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். எப்போது யார் வந்து "இது உன் இடம் இல்லை" என்று சொல்வார்களோ என்கிற யோசனையிலேயே இருப்பவன் எப்படி மார்பிள் போடுவான்?

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர் எல்லாம் முன்பு மலபார் மாவட்டத்து வயநாட்டில் இருந்தவை. 1877இல்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். நிலம் பெரும்பாலும் நிலம்பூர் கோவிலகம் என்கிற மலபார் அரச குடும்பத்தின் ஜென்மம் நிலம், அதாவது பரம்பரைச் சொத்து; அந்த உரிமை உள்ளவர்தான் ஜென்மி. கோவிலகம் அதைத் தோட்டக் கம்பெனிகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. முதலில் காப்பி போட்டார்கள். நடுவில் 1880ஐ ஒட்டி தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் வெட்டப்போகிறோம் என்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கி, சில வருடங்களிலேயே எல்லாம் மண்ணைக் கவ்வின. அப்புறம் தேயிலை. மேட்டில் நீங்கள் பார்த்த பங்களாக்களின் பரம்பரை அந்தத் தோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது.

ஜமீன் ஒழிப்பு மற்ற இடங்களில் எப்போதோ முடிந்துவிட்டது. எங்களுக்குத் தனியாகக் கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் என்று 1969இல் கொண்டுவந்தார்கள், அது நடைமுறைக்கு வந்தது 1974இல். சுமார் 80,000 ஏக்கர் விவகாரம். ஜென்மியே பயிர் செய்த நிலம், குத்தகைக்கு எடுத்தவர் பயிர் செய்த நிலம் என்று 8, 9, 10 பிரிவுகளில் வந்தவர்களுக்குப் பட்டா கிடைக்க வழி இருந்தது. தோட்டக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்ட நிலம்தான் 17ஆவது பிரிவு. குத்தகையை ரத்து செய்யலாமா, தொடரலாமா என்று அரசு முடிவு செய்ய வேண்டும் என்று விட்டார்கள். அந்த முடிவு வருவதற்குள் கோர்ட், கேஸ், மேல்முறையீடு என்று தலைமுறை ஓடிவிட்டது.

சட்டம் படிப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் தெரிந்திருக்கும், கோர்ட் தொடக்கூடாது என்று அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் போட்ட சட்டத்தையும் நீதிமன்றம் கேள்வி கேட்கலாம் என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன 2007 ஜனவரி தீர்ப்பு, கொயலோ வழக்கு, அது எங்கள் ஊர் ஜென்மம் சட்டத்தில் ஆரம்பித்த வழக்குதான். இந்தியா முழுக்கப் பாடப்புத்தகத்தில் வந்துவிட்டது, எங்கள் ஊர் மீட்டர் பெட்டி மட்டும் வரவில்லை.

அந்த 17ஆவது பிரிவு நிலத்தில், கம்பெனி பயிர் செய்யாமல் விட்ட ஓரங்களில், வெவ்வேறு காலத்தில் ஜனங்கள் குடியேறினார்கள். சமவெளியிலிருந்து வந்தவர்கள், கேரளாவிலிருந்து வந்தவர்கள், சிலோனிலிருந்து திரும்பியவர்கள். ஒருவர் இன்னொருவருக்கு வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொடுத்து விற்றார்கள். வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் உண்டு, பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் பாங்க் கடன் கிடையாது, அரசு வீட்டுத் திட்டம் கிடையாது, கரண்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதி தருவார்கள். சில இடங்களில் இணைப்பு வந்திருக்கிறது, பல இடங்களில் இன்னும் இல்லை. ஓவேலி பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும், ஒரு வளைவு வரை தெருவிளக்கு, அந்த வளைவு தாண்டினால் இருட்டு.

உங்கள் புரோக்கர் காட்டிய வீடு இந்த வகை. வீட்டுக்காரர் மோசமானவர் என்று நான் சொல்லவில்லை, அவர் நாற்பது வருடமாக அங்கேயே இருப்பவராகவும் இருக்கலாம். ஆனால் மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு ஜூலை மழையில், நாள் கணக்கில் வெயிலே எட்டிப் பார்க்காத ஊரில், சோலாரை நம்பி இருக்க முடியாது.

கொழுந்துக்கூடை

ரயில் பெட்டி மாதிரி என்று எழுதியிருக்கிறீர்களே சார், அதில் ஒரு பெட்டியில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். இப்போது திருப்பூரில் இருக்கிறேன், எங்கள் லைனில் பாதிப் பேர் இங்கேயும் கோயம்புத்தூரிலும்தான் இருக்கிறார்கள்.

1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள் அல்லவா, இலங்கைத் தோட்டங்களில் இருந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை எடுத்துக்கொள்ளும் என்று. அதில் இந்தியா பக்கம் விழுந்தவர்கள் எங்கள் தாத்தா பாட்டி. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968இல் வனத்துறை நிலத்தில் தேயிலை போட ஆரம்பித்தது, பின்னால் அதுவே டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம், கொளப்பள்ளி எல்லாம் அப்படிக் காட்டை வெட்டிப் போட்ட தேயிலைதான். வெட்டியது எங்கள் ஆட்கள். அட்டைக்கடியோடு வெட்டினோம் என்று பாட்டி சொல்லும்.

லைன் வீடு எப்படி இருக்கும் என்றால், ஒரு வரிசையில் ஆறு, எட்டு வீடு இருக்கும், நடுச்சுவர் பொது. முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, உள்ளே ஒரே காம்பரா, அதாவது அறை, அதற்குப் பின்னால் அடுப்படி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அல்லது தகரம். பக்கத்து வீட்டில் தாத்தா இருமினால் நம் வீட்டில் பிள்ளை எழுந்துவிடும். சுவர் கூரை வரைக்கும் முழுதாக ஏறாத வீடுகளும் உண்டு, அங்கே ரகசியம் என்று ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் கல்யாணம் ஆனதும் இஸ்தோப்பை அடைத்து ஓர் அறை ஆக்குவோம், பின்பக்கம் ஷீட் இறக்கி இன்னொரு அறை. தோட்டத்தில் அதற்கும் ஒவ்வொரு முறை அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் கட்டி, இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்த வீடும் உண்டு.

வீடு கொடுப்பது தோட்டக்காரரின் கடமை என்று 1951ஆம் வருட தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அது வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. ரிட்டயர் ஆனால் காலி செய்ய வேண்டும். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர் எங்கே போவார்? அதனால் வீட்டில் யாராவது ஒருத்தர் தோட்டத்திலேயே வேலைக்கு நிற்க வேண்டும், மகனோ மருமகளோ, வீட்டுக்காகவே. வேலை பிடித்து நிற்பதில்லை, வீடு போய்விடக்கூடாது என்று நிற்பது. எங்கள் வீட்டில் அண்ணன் அப்படித்தான் நின்றார். அவர் படித்த படிப்புக்குக் கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்திருக்கும்.

இப்போது தேயிலை நஷ்டம் என்று டான்டீ தன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கிற முடிவு வந்தபோது எங்கள் ஆட்கள் ஏன் அவ்வளவு பயந்தார்கள் என்று சமவெளியில் இருப்பவர்களுக்குப் புரியவில்லை. நிலம் காடாகத் திரும்பினால் லைன் என்ன ஆகும், அதுதான் கேள்வி. ஓய்வு பெற்றவர்களுக்குத் தனியாக வீடு கட்டித் தருவது பற்றி அரசு அறிவித்திருக்கிறது, கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

வாத்தியார் சார், லைன் வீடு உங்களுக்கு வாடகைக்குக் கிடைக்காது, யாராவது தருகிறேன் என்றாலும் எடுக்காதீர்கள். அது அவர்கள் பெயரில் இல்லை.

எருமாடு எக்ஸ்பிரஸ்

சாருக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன், கதை வேண்டாம் 😀

எருமாடு, ஐயன்கொல்லி, பிதர்காடு பக்கம் பாருங்கள். இங்கே பட்டா உள்ள ஓட்டு வீடுகளும் கான்கிரீட் வீடுகளும் நிறைய இருக்கின்றன. 1940களில் உணவுப் பஞ்சம் வந்தபோது திருவிதாங்கூரிலிருந்து வயநாட்டுக்கு ஜனங்கள் ஏறி வந்தார்கள், அதில் ஒரு கூட்டம் இந்தப் பக்கமும் வந்தது, எங்கள் குடும்பமும் அதில்தான். மிளகு, இஞ்சி, காப்பி, பாக்கு என்று போட்டு, முதலில் புல் வேய்ந்த வீடு, அப்புறம் மங்களூர் ஓடு, இப்போது மகன் வளைகுடாவில் இருந்தால் இரண்டு மாடி. எங்கள் ஊரில் எந்த வீட்டில் யார் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று சுவர் பெயின்ட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்தப் பெரிய வீடுகளில் இப்போது வயசானவர்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள், மாடியை வாடகைக்கு விடுவார்கள். உங்களுக்கு அதுதான் சரி. மலையாளம் தெரியாது என்று கவலை வேண்டாம், இங்கே எல்லோருக்கும் இரண்டும் தெரியும்.

ஓட்டு வீடா கான்கிரீட்டா என்று கேட்டால் நான் ஓட்டு வீடு என்பேன், ஆனால் மழைக்கு முன்னால் ஓடு மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். கான்கிரீட் மொட்டை மாடி இந்த மழைக்கு ஆகாது. அதனால்தான் கான்கிரீட் வீட்டுக்கு மேலேயும் தகர ஷீட் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு இல்லை. தென்மேற்குப் பருவமழை அறிக்கையில் தேவாலா பெயர் தினமும் வரும், அந்த மழைதான் இங்கேயும். மேல் ஷீட் இல்லாத கான்கிரீட் வீட்டில் ஆகஸ்டில் சுவர் வேர்க்கும், அலமாரியில் வைத்த சட்டை பூசணம் பிடிக்கும். அம்மாவுக்கு மூச்சுப் பிரச்சினை ஏதாவது இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் கேரளா பக்கம் சுல்தான் பத்தேரிதான் போவோம். ஊட்டிக்குப் போவதை விட அது பக்கம்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

குடிசையை ஒட்டி ஆள் இல்லாத அரசு வீடு என்று எழுதியதைப் பற்றி. அந்த மாதிரி வீடுகள் கட்டும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

அங்கே ஆள் இல்லாமல் இல்லை. பணியர், காட்டுநாயக்கர் என்கிற ஆதிவாசிகளின் ஊர்களில் தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்த பிறகும் பக்கத்திலேயே மூங்கில் பிளாச்சு அடித்து மண் பூசிய சின்னக் குடிசை ஒன்றை வைத்திருப்பார்கள். அடுப்பு அதில்தான் எரியும். மழைக்காலத்தில் வயசானவர்கள் அந்த அடுப்பைச் சுற்றித்தான் படுப்பார்கள். கான்கிரீட் வீட்டுக்குள் விறகு அடுப்பு வைத்தால் புகை போக வழி கிடையாது, வரைபடத்தில் அப்படி ஒன்று யோசித்திருக்கவே மாட்டார்கள், ஏனென்றால் அதே வரைபடம்தான் ராமநாதபுரத்துக்கும். குளிர், மழை, விறகு எதுவும் அந்தக் காகிதத்தில் இல்லை. வெளியிலிருந்து வருபவர்கள் "வீடு கட்டிக் கொடுத்தாலும் இவர்கள் குடிசையை விட மாட்டார்கள்" என்று சுலபமாகப் பேசிவிட்டுப் போவார்கள், எனக்கு அதைக் கேட்டாலே எரியும்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிக்கு 1.30 லட்சம். பத்தாயிரம் கூடுதல், அவ்வளவுதான் மலை! மாநிலம் மேலே சேர்த்துத் தருகிறது என்றாலும் செலவு எங்கேயோ இருக்கிறது. மணல், ஜல்லி, சிமெண்டு எல்லாம் கீழேயிருந்தோ பக்கத்து மாநிலத்திலிருந்தோ ஏறி வர வேண்டும். லாரி ரோட்டோடு நின்றுவிடும், அங்கிருந்து ஜீப், ஜீப் போகாத இடத்துக்குத் தலைச்சுமை. காட்டுக்குள் ஒரு காட்டுநாயக்கர் ஊருக்கு ஒரு மூட்டை சிமெண்டு போய்ச் சேருவதற்குள் கூலி மூட்டை விலையைத் தொட்டுவிடும். அப்புறம் காண்ட்ராக்டர் என்ன செய்வார்? கலவையில் கை வைப்பார். இரண்டு மழையில் கூரை ஒழுகும். 2023 நவம்பரில் பழங்குடிகளுக்காக மத்திய அரசு ஆரம்பித்த ஜன்மன் திட்டத்தில் வீட்டுக்கு 2 லட்சம், நூறு நாள் வேலைக் கூலியும் கழிவறைப் பணமும் சேர்த்து 2.39 லட்சம் என்று கணக்கு. அந்தத் திட்டத்தில் வருகிற, மிகவும் நலிந்த பிரிவு என்று அரசு பட்டியலிட்ட தமிழ்நாட்டின் ஆறு பழங்குடிகளும் நீலகிரியில் இருப்பதால் இங்கே அந்த வேலை நிறைய நடக்கிறது. முந்தையதை விடப் பரவாயில்லை, ஆனால் அடுப்புப் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

எல்லா ஆதிவாசி ஊரும் ஒரே மாதிரி என்றும் நினைக்காதீர்கள். முள்ளுக்குறும்பர் குடிகளுக்குப் போய்ப் பாருங்கள், நடுவில் முற்றம், தெய்வப்புரை என்கிற சாமி வீடு, சுற்றி வீடுகள், அவ்வளவு சுத்தமாக வைத்திருப்பார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் சொந்த நிலம் இருந்தது. பணியர் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் அடிமையாக வேலை செய்தவர்கள், வயல் ஓரத்தில் எங்கே இருக்கச் சொன்னார்களோ அங்கே குடிசை. இன்றைக்கும் பல பணியர் ஊர்கள் இரண்டு தோட்டத்துக்கு நடுவில் ஒரு துண்டு நிலத்தில் நெருக்கி அடித்து இருப்பதற்கு அதுதான் காரணம். புது வீடு கட்ட வேண்டும் என்றால் பழைய வீட்டை இடித்துத்தான் கட்ட வேண்டும், வேறு இடமே கிடையாது. அதுவரைக்கும் தார்ப்பாய்.

காட்டுப்பக்கம்

எல்லோரும் பரிதாபமாகவே பேசுகிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன், திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

செக்சன் 17 நிலத்தில் பெரும் பகுதி காடு. அது முதுமலைக்கும் வயநாட்டுக்கும் நிலம்பூருக்கும் நடுவில் யானை போகிற வழி. அங்கே பட்டாவும் கரண்டும் கொடுத்தால் அடுத்த வருடமே ரிசார்ட் வரும், "ஏழைக் குடியேறிகள்" பெயரைச் சொல்லி யார் யார் வளைத்துப் போட்டார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாடு முழுக்க மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்ட கோதவர்மன் வழக்கு இருக்கிறதே, 1996 டிசம்பர் உத்தரவு, அதுவே கூடலூர் காட்டில் மரம் வெட்டுகிறார்கள் என்று நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர் 1995இல் போட்ட மனுவிலிருந்து வந்ததுதான். அந்த அளவுக்கு இங்கே வெட்டியிருக்கிறார்கள்.

யானை வீட்டை இடிக்கிறது என்று அழுகிறார்கள். 2022இல் பிஎம்-2 என்று ஒரு மக்னா, அதாவது தந்தம் இல்லாத ஆண் யானை, அரிசி ராஜா என்று பேர் வைத்தார்கள், தேவாலா பக்கம் வீடு வீடாகச் சமையலறைச் சுவரை இடித்து அரிசி தின்றது, ஒரு பெண்மணி இறந்தும் போனார். டிசம்பரில் பிடித்து, காலர் மாட்டி முதுமலையில் விட்டால் அடுத்த மாதம் பத்தேரி டவுனில் நிற்கிறது. யானையைத் தூக்கி வேறு இடத்தில் வைப்பதால் ஒன்றும் ஆகாது, வீடு எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். முதுமலை புலிகள் காப்பகத்துக்குள் இருந்த ஊர்களுக்கு, குடும்பத்துக்கு 10 லட்சம் என்று மறுகுடியமர்வு செய்தார்களே, அது போல மற்ற இடங்களிலும் செய்யலாம்.

கொழுந்துக்கூடை

அண்ணே, ரிசார்ட்காரரையும் எங்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எங்களை இங்கே கூட்டி வந்ததே அரசாங்கம். காட்டை வெட்டச் சொன்னதும் அரசாங்கம். டான்டீயில் எல்லோருக்கும் வேலை கிடைக்கவில்லை, கிடைக்காதவர்கள்தான் ஓவேலி பக்கம் போய், இருந்ததைக் கொடுத்து ஒரு துண்டு இடம் வாங்கினார்கள். அவர்கள் போக இலங்கையிலும் இடம் இல்லை, சமவெளியில் சொந்த ஊர் என்று சொல்லப்பட்ட இடத்திலும் யாரும் இல்லை. பெரிய தோட்டங்கள் குத்தகை பாக்கியோடு அதே 17ஆவது பிரிவில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் உட்கார்ந்திருக்கின்றன, அங்கே பாக்டரிக்கும் பங்களாவுக்கும் கரண்ட் இருக்கிறது. ஷீட் வீட்டுக்கு மட்டும்தான் யானை வழியா?

10 லட்சம் கொடுத்த ஊர்களைப் பற்றி ஓவர்சியர் அய்யா சொல்லட்டும், அவர் பார்த்திருப்பார்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

பார்த்திருக்கிறேன். வயல் வைத்திருந்த செட்டிமார் சிலர் பணத்தை வைத்து ஓரளவுக்கு நல்ல வீடு கட்டிக்கொண்டார்கள், அவர்களில் பலர் தாங்களே கேட்டுத்தான் வெளியே வந்தார்கள், யானையோடு விவசாயம் செய்து அலுத்துப் போய். பணியர், காட்டுநாயக்கர் கதை அப்படி இல்லை. ஐயன்கொல்லி பக்கம் கொண்டுவந்து விட்டார்கள், வீடும் முழுமையாக முடியவில்லை, காட்டுப் பொருள் சேகரிக்கப் போகவும் வழியில்லை என்று மனு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அதனால் "10 லட்சம் கொடுத்தோம், முடிந்தது" என்று எழுதுவது சரியில்லை. ஆனால் காட்டுப்பக்கம் சொல்வதில் ஒன்று சரி, வீடு எங்கே நிற்கிறது என்பது முக்கியம். 2024 ஜூலை 30 அதிகாலை, வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள், சேரம்பாடியிலிருந்து அது எவ்வளவு தூரம்? அங்கே ஆற்றோரத்துப் பாடிகள், அதாவது தோட்ட லைன் வீடுகள், அப்படியே போய்விட்டன. அதே வருடம் கூடலூர் கோக்கால் பக்கம் வீடுகளில் விரிசல் விட்டு, புவியியல் ஆய்வுத் துறை வந்து பார்த்தது. இங்கே 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்று விதி இருக்கிறது, எல்லோரும் அதை மட்டும் திட்டுவார்கள். என்னைக் கேட்டால் உயரத்தை விட, வீட்டுக்காக மலையை எவ்வளவு செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள் என்பதுதான் ஆபத்து.

கரூர்க்காரன்

இவ்வளவு விஷயம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மீட்டர் இல்லாத வீட்டை விட்டுவிட்டேன். எருமாடு நண்பர் சொன்ன மாதிரி இரண்டு வீடு பார்த்திருக்கிறேன். ஒன்று பழைய ஓட்டு வீடு, பெரிய முற்றம், சுற்றிலும் பலாமரம், அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னொன்று புதுக் கான்கிரீட் வீட்டின் மாடி, மேலே ஷீட் இருக்கிறது, பின்னால் மண்சுவர் மாதிரி வெட்டிய மேடு, வீட்டுச் சுவருக்கும் அதற்கும் நாலடி இருக்கும். பள்ளிக்கு இரண்டும் ஒரே தூரம்தான். எதை எடுக்கலாம்?

நாடுகாணிக்காரன்

இரண்டாவது வேண்டாம். நாலடி இடைவெளி விட்டு வெட்டிய மேடு என்றால் ஒரு நல்ல மழைக்கு மண் ஜன்னல் வரைக்கும் வரும். தடுப்புச் சுவர் கருங்கல்லில், தண்ணீர் வடிய ஓட்டை வைத்துக் கட்டியிருந்தால் கொஞ்சம் யோசிக்கலாம், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வெறும் மண் போலத் தெரிகிறது.

ஓட்டு வீட்டை எடுங்கள், ஆனால் பலாமரம். மே, ஜூனில் பழுக்கும், வாசனைக்கு யானை வரும். எருமாடு பக்கம் தினம் வராது என்றாலும் வராமல் இருக்காது. வீட்டுக்காரரிடம் காயை முன்னாலேயே வெட்டி இறக்கிவிடச் சொல்லுங்கள், பெரும்பாலும் செய்வார்கள், அவர்களுக்கும் பயம்தான். அரிசி மூட்டையை வெளிச்சுவரை ஒட்டிய அறையில் வைக்காதீர்கள், நடு அறையில் வையுங்கள்.

எருமாடு எக்ஸ்பிரஸ்

நானும் ஓட்டு வீடுதான். மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்று பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், வீட்டுக்காரர் பெயரில் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். பழைய வீடுகளில் அப்பா பெயரிலேயே இருக்கும், அது பரவாயில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்திருந்தால் அது சரியில்லை.

ஒப்பந்தத்தில் சர்வே எண்ணை எழுதச் சொல்லுங்கள், அந்த எண்ணை வைத்துத் தாலுகா ஆபீஸில் கேட்டால் எந்தப் பிரிவு நிலம் என்று சொல்லிவிடுவார்கள். சாமான் லாரியை மே கடைசிக்குள் கொண்டுவந்து இறக்கிவிடுங்கள். ஜூன் பிறந்து மழை பிடித்துவிட்டால் அந்த வீட்டுக்குப் போகிற மண்பாதையில் லாரி ஏறாது, முக்குக் கடையில் இறக்கிவிட்டு ஜீப்புக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.